நிற்கிற குதிரைக்குத் தீனி

பிப்ரவரி 9

தம்பிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. ஆனது நவம்பரிலேயே ஆகிவிட்டது. சரிவில் உருண்ட கட்டை ஒன்று அவர் இடுப்பில் ஏறி இறங்கியது. உயிருக்கு ஒன்றுமில்லை. எலும்பு கூடுகிறது என்று டாக்டர் சொல்கிறார், மெதுவாகத்தான் கூடுகிறது என்றும் சொல்கிறார். சன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் லாயத்துக் கூரை தெரியும். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

அப்போதே உனக்கு எழுதியிருப்பேன். அவர் விடவில்லை. "அவன் வாய்தான் பலிச்சிருக்கு. அதைச் சொல்லி அவனைச் சந்தோஷப்படுத்தணுமாக்கும்?" என்றார். மூன்று வருஷத்துக்கு முன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, லாயத்து வாசலில் நின்று, "நீயும் உன் குதிரையும் இந்தச் சரிவுலயே விழுந்து சாவீங்க" என்று கத்திவிட்டுப் போனாயே, அதைத்தான் சொல்கிறார். கோபத்தில் வந்த பேச்சு என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியாமலில்லை. ஆனால் படுத்துக் கிடக்கிறவருக்கு அசைபோட ஏதாவது வேண்டியிருக்கிறது.

நான் எழுதுவது மாப்பிள்ளையைப் பற்றி. மூன்று தரம் கெஞ்சினால்தான் வாயைத் திறப்பான் என்று குதிரைக்கு நீ வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அண்ணன் விழுந்த மறுவாரத்திலிருந்து நான்தான் அவனை வேலைக்கு ஓட்டிப் போகிறேன். வெட்டிய மரங்களைச் சங்கிலியில் மாட்டி லாரி நிற்கும் பாதைவரை இழுத்து வருகிற அதே வேலைதான். டிராக்டர் ஏற முடியாத சரிவு என்பதால் இன்னும் நமக்கு அது இருக்கிறது. மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் இறக்காவிட்டால், கம்பி கட்டி இழுக்கிற மெஷின்காரனைக் கூட்டி வந்துவிடுவேன் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார். மெஷின் ஒரு தடவை வந்துவிட்டால் அப்புறம் நம்மை யார் தேடப்போகிறார்கள்?

மாப்பிள்ளை இளைத்துவிட்டான். காலையில் ஒழுங்காக இழுக்கிறான். வெயில் ஏற ஏற தலை தொங்கிவிடுகிறது. சரிவின் பாதியில் நின்று ஒரு பெருமூச்சு விடுகிறான். பக்கத்தில் நின்று நானும் ஒன்று விடுகிறேன். காய்ந்த புல்லும், காலையும் மாலையும் கொஞ்சம் கொள்ளும் தவிடும் போடுகிறேன். "கொள்ளை ரெண்டு மடங்காக்கு" என்கிறார் அண்ணன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ பந்தயக் குதிரைகளோடு இருக்கிறவன். அங்கே என்ன போடுகிறீர்கள்? எதைப் போட்டால் இவனுக்குத் தெம்பு வரும்?

இங்கே இன்னும் போனுக்கு டவர் எடுப்பதில்லை. பதிலை மரக்கிடங்குக் கணக்கப்பிள்ளை மேற்பார்த்துப் போடு. லாரிக்காரர் என் கையில் கொடுத்துவிடுவார். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணி


பிப்ரவரி 17

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நவம்பரில் நடந்ததை பிப்ரவரியில் தெரிந்துகொள்கிற தூரத்தில் என்னை வைத்திருக்கிறீர்கள் என்பதும் அதிலேயே கிடைத்தது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எங்கேயோ போய் நிற்கும். விடுங்கள்.

தீனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போடுவது வண்டி மாட்டுக்குக்கூடப் பற்றாது. இங்கே ஓட்ஸ்தான் பிரதானம். காலையில் வேலைக்கு ஓட்டுவதற்கு முன் ஓட்ஸும் கொள்ளும் வயிறு நிறையப் போடுங்கள். மேலே கொஞ்சம் வெல்லப்பாகு. மாலையிலும் அதேபோல. புல்லைக் குறைத்துவிடுங்கள். புல் வெறுமே வயிற்றை அடைக்கும், கனம். நான் பார்த்துக்கொள்கிற நாலு குதிரைக்கும் இப்படித்தான். கதவைத் திறந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, அப்படிப் போகும்.

நம் பக்கம் வருகிற லாரி ஒன்றில் ஒரு மூட்டை ஓட்ஸ் ஏற்றிவிட்டிருக்கிறேன். நான் அனுப்பியது என்று சொல்லாதீர்கள். சொன்னால் அவர் குதிரையைப் பட்டினி போட்டாலும் போடுவார்.

இடுப்பா, தொடையா? எந்தப் பக்கம்? நடக்க முடியும் என்று டாக்டர் சொன்னாரா? எழுதத் தோன்றினால் எழுதுங்கள்.

தம்பி


மார்ச் 6

தம்பி,

உள்ளங்கையில் தோல் இல்லை. பேனாவை விரல் நுனியில் பிடித்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் மூட்டை வந்தது. நீ சொன்னபடியே போட்டேன். முதல் வாரம் உன்னைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. கழுத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான், மதியத்துக்கு மேலும் இழுத்தான். அண்ணன் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பய நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போறானே, என்ன சங்கதி?" என்றுகூடக் கேட்டார்.

அப்புறம் நிற்கவே மாட்டேன் என்றான். நம் வேலையில் இழுப்பது பாதி, நிற்பது பாதி என்பது உனக்குத் தெரியாததா? சங்கிலி மாட்டுகிறவரை கல் மாதிரி நிற்க வேண்டும். இவனுக்குச் சங்கிலிச் சத்தம் கேட்டாலே உடம்பு துடித்தது. சங்கிலி மாட்டுகிற நெட்டையன் குனிவதற்குள் நாலடி தள்ளிப் போய்விடுவான். இலை அசைந்தால் காதைத் திருப்புவான். வாயெல்லாம் நுரை. நான் கடிவாளத்தை இழுத்து இழுத்து, ஒவ்வொரு நாளும் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை லாரிக்காரர் கீழே ஹாரன் அடித்தார். அவ்வளவுதான். பின்னால் மரத்தோடு சரிவில் பறந்துவிட்டான். கயிறு கையில் சுற்றியிருந்ததால் என்னையும் கொஞ்ச தூரம் இழுத்தான். மரம் பக்கவாட்டில் வீசியதில் நெட்டையன் குதித்துத் தப்பினார், அவர் நின்றிருந்த இடத்துப் புதர் வேரோடு போய்விட்டது. லாரியின் முன்விளக்கு உடைந்தது. மாப்பிள்ளை பாதையில் போய் நின்று நடுங்கிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போனதும் என் தோளில் மூக்கை வைத்து அழுத்தினான். அடிக்கக் கையை ஓங்கினவள், அப்படியே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொரு தரம் இப்படி ஆனால் குதிரை சரிவில் கால் வைக்கக் கூடாது என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். சங்கிலி தறிகெட்டு ஓடுகிற சத்தம் கட்டிலுக்குக் கேட்டிருக்கிறது. அண்ணன் எழுந்திருக்கப் பார்த்துக் கீழே விழுந்து கிடந்தார். "என்ன போட்டே அவனுக்கு? யாரு சொல்லிக் குடுத்தா?" என்று தரையில் கிடந்தபடியே கேட்டார். நானாகத்தான் போட்டேன் என்று சொன்னேன்.

நீ ஓடுகிற குதிரைக்குத் தீனி சொல்லிவிட்டாய், தம்பி. எனக்கு வேண்டியது நிற்கிற குதிரை. தெம்பாக நிற்கிற குதிரை. அப்படி ஒன்றுக்கு என்ன போடுவது என்று உங்கள் ஊரில் யாருக்காவது தெரிந்தால் கேட்டு எழுது. யாருக்கும் தெரியாவிட்டால் எழுதாதே.

இடது பக்கம். இடுப்பு. நடக்கலாம் என்கிறார்கள், எப்போது என்று சொல்வதில்லை.

அண்ணி


மார்ச் 12

அண்ணி,

உங்கள் கடிதத்தை வாசித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. கைக்கு மருந்து போட்டீர்களா? கயிறு அறுத்த புண்ணை ஈரத்தில் விடாதீர்கள். நெட்டையனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். வேண்டாம், சொன்னால் அண்ணனுக்குப் போய்விடும். நீங்கள் கேட்டதாகவே இருக்கட்டும்.

இங்கே குதிரைகளைப் பார்க்க ஒரு டாக்டரம்மா வருகிறார். போன வாரம் என் பெண்குதிரை ஒன்று தன் லாய அறைக்குள்ளேயே சுவரை உதைத்துக் காலைக் கிழித்துக்கொண்டது. தையல் போட்டுக்கொண்டிருந்தபோது நம் கதையைச் சொன்னேன். "மரம் இழுக்கறதுக்கா இதைப் போட்டீங்க?" என்று கேட்டார். ஊசியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அவர் சொன்னது இது. தானியத்தில் இருக்கிற மாவுச்சத்து சட்டென்று ரத்தத்தில் ஏறுமாம். சில குதிரை அதைத் தாங்கிக்கொள்ளும், சிலது அதிலேயே ஆடிப்போகும். புல்லிலும் எண்ணெயிலும் இருந்து வருகிற பலம் மெதுவாக வரும், அதனால் நாள் முழுக்க நிற்கும். பந்தயக் குதிரைக்கு வேண்டியது கொஞ்ச நேர வேகம். நம்மவனுக்கு வேண்டியது அது கிடையாது. புல் வெறுமே வயிற்றை அடைக்கும் என்று எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடுங்கள்.

ஆகவே, புல்தான் முதல். வேண்டிய மட்டும், நல்ல புல், தூசி இல்லாததாக. வேலைக்குப் போகும் முன்பும் ஒரு பிடி தின்னட்டும், வெறும் வயிற்றில் இழுக்கக் கூடாதாம். குதிரைமசால் தழை கிடைத்தால் காயவைத்துக் கலந்து போடுங்கள். ஓட்ஸையும் கொள்ளையும் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வாருங்கள், ஒரேயடியாக நிறுத்தினால் வயிறு கெடும். மிச்சமிருக்கிற கொஞ்சத்தையும் பலமுறையாகப் பிரித்துப் போடுங்கள். வெல்லப்பாகு வேண்டவே வேண்டாம். சமையல் எண்ணெயை ஒரு கரண்டியில் ஆரம்பித்து, ஈரத் தவிட்டில் பிசைந்து கொடுங்கள். வாரம் போகப் போகக் கூட்டலாம். நக்குவதற்கு உப்புக்கட்டி, எப்போதும் தண்ணீர். இன்னொன்று முக்கியம் என்று இரண்டு தடவை சொன்னார்: வேலை இல்லாத நாளில் தானியமே வேண்டாம், புல் மட்டும். ஓய்ந்து நின்ற குதிரைக்குத் தானியத்தைக் கொட்டி மறுநாள் வேலைக்கு ஓட்டினால் தசை இறுகிப்போய்விடுமாம், அப்படி ஆனால் ஒரு அடிகூட நடத்தக் கூடாதாம். நீங்கள் சொன்ன திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டேன். ஓடியதோடு போயிற்றே என்றிருந்தது.

பலன் தெரிய ஒரு மாதமாவது ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லாமே உடனே தெரிய வேண்டும். பலன் தெரியாத குதிரை அடுத்த வருஷம் இருக்காது. எங்கே போகிறது என்று நாங்கள் கேட்பதில்லை.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் டாக்டரம்மாவுக்கு என் நன்றியைச் சொல். மாப்பிள்ளை நிற்கிறான்.

எண்ணெய்த் தவிட்டை முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு மேலுதட்டை உருட்டி என்னைப் பார்த்தான் பார், பெண் வீட்டில் காபி ஆறிப்போயிருந்தால் பார்ப்பார்களே, அப்படி. நான்கு நாள் கெஞ்சினேன். ஐந்தாம் நாள் வாளியை நக்கி வெளுத்து வைத்துவிட்டான். இப்போது எண்ணெய் டப்பா திறக்கிற சத்தம் கேட்டாலே கனைக்கிறான். அண்ணன் ஒரு பாட்டம் சத்தம் போட்டார். "நமக்குத் தாளிக்க எண்ணெய் இல்ல, மாப்பிள்ளைக்குக் குடிக்க எண்ணெயா?" என்றார். பேப்பரில் படித்தேன் என்று சொல்லிவிட்டேன். "நீ பேப்பர் படிச்சு நான் பார்த்ததே இல்லையே" என்றார்.

ஓடைக்கரை நிலத்துக்காரரிடம் குதிரைமசால் கிடைக்கிறது. மேலெல்லாம் மினுமினுப்பு வர ஆரம்பித்திருக்கிறது. சங்கிலி மாட்டும்போது கண்ணை மூடி நிற்கிறான். நெட்டையன் அவன் வயிற்றுக்கு அடியில் தலையைக் கொடுத்து வேலை பார்க்கிறார். லாரிக்காரர் வேண்டுமென்றே ஒரு நாள் ஹாரன் அடித்துப் பார்த்தார். காதை மட்டும் திருப்பினான்.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் நன்றாக இருக்கும். முடிக்க முடியவில்லை.

நின்ற இடத்தில் இன்னும் நின்றுவிடுகிறான், தம்பி. மேல் சரிவையும் சேர்த்து இறக்கச் சொல்லிவிட்டார்கள். மதியத்துக்கு மேல் பெரிய பாறைக்குப் பக்கத்தில் வந்ததும் நிற்கிறான். துள்ளல் இல்லை, முரண்டு இல்லை. வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிற மாதிரி நிற்கிறான். கெஞ்சி, தட்டி, முன்னால் போய் நானே இழுத்து, எப்படியோ சாயங்காலம் ஆக்குகிறேன். நேற்றுத் தட்டில் கையை வைத்தபடியே தூங்கிவிட்டேன். அண்ணன் கட்டிலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை.

எண்ணெயை இன்னும் கூட்டலாமா? வேறு எதையாவது சேர்க்கலாமா? கேட்டு எழுது.

இன்னொன்று. கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். மழை வரைக்கும் நீ வர முடியுமா? அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் பேசாவிட்டாலும் வீட்டில் நானிருக்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணி,

மே கடைசிவரை இங்கே பந்தயம். நடுவில் போனால் திரும்பி வர இடமிருக்காது. அதுதான் காரணம் என்று எழுதி முடித்திருக்கலாம். உங்களிடம் பொய் எதற்கு? அண்ணன் ஒரு வார்த்தை கூப்பிடட்டும், அன்றைக்கே கிளம்புகிறேன். உங்கள் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அந்த வீட்டுக்குள் வர என்னால் முடியாது.

தீனிக்கு வருகிறேன். எண்ணெயைக் கூட்டாதீர்கள். போதும்.

நான் இருந்தபோது மதியச் சாப்பாட்டோடு அண்ணன் அவனை அவிழ்த்துவிடுவார். மற்ற எதில் கறாராக இல்லாவிட்டாலும் அதில் கறார். நீங்கள் சாயங்காலம் வரைக்கும் ஓட்டுகிறீர்கள். மேல் சரிவையும் சேர்த்து ஓட்டுகிறீர்கள். அந்தக் குதிரைக்கு இப்போது குறை தீனியில் இல்லை. அவனுக்கு வேண்டியது ஓய்வு. அதை எந்த வாளியிலும் பிசைந்து வைக்க முடியாது. நீங்கள் இரண்டு குதிரை வேலையை ஒரு குதிரையிடம் வாங்கிக்கொண்டு, எதைப் போட்டால் ஓடும் என்று என்னைக் கேட்கிறீர்கள். இங்கே முதலாளிகளும் இதைத்தான் கேட்கிறார்கள்.

வேலையைக் குறையுங்கள். இல்லாவிட்டால் அவனைச் சாகடித்துவிடுவீர்கள்.

தம்பி


ஏப்ரல் 15

தம்பி,

சாகடித்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அந்த வார்த்தை சுலபமாக வருகிறது.

மதியம் அவிழ்த்துவிட அண்ணனுக்கு முடிந்தது. அப்போது சரிவில் அவர் இருந்தார், நீ இருந்தாய், வீட்டில் நான் இருந்தேன். இப்போது காலையில் அவரைத் துடைத்து, மாத்திரை கொடுத்து, லாயம் கூட்டி, சரிவுக்குப் போய், திரும்பி வந்து அடுப்பு மூட்டுவதும் நான்தான். மேல் சரிவு முடியாது என்று சொன்னால் மொத்தமும் மெஷினுக்குப் போகும். அப்போது மாப்பிள்ளையை என்ன செய்வது? அதற்கும் உன் டாக்டரம்மாவிடம் ஒரு வழி கேட்டு எழுதுவாயா?

அவன் களைத்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? பாறைக்குப் பக்கத்தில் அவன் நிற்கும்போது நானும்தானே நிற்கிறேன்.

இனி தீனி பற்றி உன்னைக் கேட்க மாட்டேன். உனக்கு நேரம் மிச்சம்.


ஏப்ரல் 22

அண்ணி,

நான் எழுதியது சரி. எழுதிய விதம் சரியில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னாலும் இதே கதைதான்.

அந்தப் பெண்குதிரையை நேற்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் அறையைக் கழுவிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இனி என்னைக் கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், பயமாக இருக்கிறது. கோபமாகவாவது ஒரு வரி போடுங்கள்.

தம்பி


மே 7

தம்பிக்கு,

கோபமெல்லாம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டியிருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், கடைசிவரை படி. மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறான்.

போன திங்கட்கிழமை காலை, முதல் மரத்தை இழுத்து வரும்போதே நடை சரியில்லை. பின்னங்கால் எட்டு வைக்கவில்லை. வேர்த்துக் கொட்டியது. பாறை வரைக்கும்கூட வரவில்லை, நடுச்சரிவில் நின்றுவிட்டான். தொடையைத் தொட்டுப் பார்த்தேன், பலகை மாதிரி இருந்தது. அப்புறம் காபித் தண்ணீர் நிறத்தில் மூத்திரம் போனான். நெட்டையன் பிடித்துத் தள்ளி நடத்தலாம் என்றார். உன் கடிதத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. "ஒரு அடிகூட வேணாம்" என்று கத்திவிட்டேன். சேணத்தை அவிழ்த்து, முதுகில் என் போர்வையைப் போட்டு, நின்ற இடத்திலேயே வைத்துக்கொண்டேன். லாரிக்காரர் போய்க் கால்நடை டாக்டரைக் கூட்டி வந்தார். ஊசி போட்டு, குழாய் வைத்து, சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்தோம். அசைத்திருந்தால் போயிருப்பான் என்று டாக்டர் சொன்னார். "நேத்து என்ன போட்டீங்க?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வெறும் புல்தான் என்றேன். அவர் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோல் இரண்டும் மடியில் இருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் போட்டேன்" என்றார்.

ஞாயிறு மதியம் நான் செத்தவள் மாதிரி தூங்கியிருக்கிறேன். அவர் எழுந்து, ஊன்றுகோலோடு, விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக வாசல் தாண்டி, லாயம்வரை நடந்திருக்கிறார். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. "நீ தனியா கிடந்து அல்லாடறே. அவனும் இளைச்சு நிக்கிறான். நம்மால ஆனது, ஒரு கை அள்ளிப் போடலாம்னு போனேன்" என்றார். "என்னை அடையாளம் கண்டு கத்தினான். தின்னதைப் பார்க்க நல்லா இருந்துச்சு. இன்னும் போட்டேன்." உன் மூட்டையில் மிச்சமிருந்த ஓட்ஸையும் கொள்ளையும் கிட்டத்தட்ட முழுக்கப் போட்டிருக்கிறார்.

எனக்கு அழுகையும் வரவில்லை, திட்டவும் வரவில்லை. ஆறு மாதமாக இவர் எழுந்து நடக்க மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். நடந்தார், அதில் இப்படி ஒன்று. "ஓய்வு நாள்ல தானியம் கூடாதுன்னு தம்பி எழுதியிருந்தான், நான் உங்ககிட்ட சொல்லல" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. உன் கடிதங்களைத் தவிட்டுப் பானைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாசித்தார். 'பட்டினி போட்டாலும் போடுவார்' என்று எழுதியிருந்தாயே, அதைக்கூட. 'எந்தப் பக்கம்' என்று நீ கேட்டிருந்ததை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் நானே காண்ட்ராக்டரிடம் போனேன். குதிரை தேற ஒரு மாதம் ஆகும், தேறினாலும் மேல் சரிவுக்கு வராது, மதியத்துக்கு மேலும் இழுக்காது என்று சொன்னேன். "அப்ப மெஷினைக் கூப்பிட்டுக்கறேன்மா" என்றார். கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றேன். இத்தனை மாதம் எதற்குப் பயந்தேனோ அதை அவர் சொன்னபோது, நான் நினைத்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. பாதையில் நின்று சரிவை ஒரு தரம் பார்த்தேன், அவ்வளவுதான். மேல் சரிவு மெஷினுக்குப் போய்விட்டது. கீழே ஓடையோரம் மெஷினுக்கு வாகில்லாத துண்டு ஒன்று இருக்கிறது. குதிரை தேறியதும் அதை எடுத்துக்கொள் என்கிறார். அதில் என்ன கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். சிரமம்தான்.

இப்போது மாப்பிள்ளைக்குப் புல், தண்ணீர், உப்பு, அவ்வளவே. லாயத்தைச் சுற்றி மெதுவாக நடத்துகிறேன். அண்ணன் தினமும் ஊன்றுகோலோடு வந்து, தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, புல்லில் தூசி இருக்கிறதா என்று உதறிப் பார்க்கிறார். நான் தவிட்டை எடுத்தாலே, "எழுதியிருக்கறதப் பார்த்துப் போடு" என்கிறார். யார் எழுதியது என்று சொல்வதில்லை.

நேற்று மதியம் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். குதிரை தின்றுகொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"அத்தனை கடுதாசி எழுதியிருக்கீங்க ரெண்டு பேரும். குதிரை என்ன தின்னுது, குதிரை என்ன தின்னுதுன்னு. அவன் அங்க என்ன சாப்பிடறான்னு நீ ஒரு தடவை கேட்டியா?"

கேட்கவில்லை, தம்பி. அவர் கேட்கச் சொன்னார். கேட்கிறேன்.

அண்ணி


மே 14

அண்ணிக்கு,

அண்ணன் கேட்டதற்குப் பதில்.

காலையில் குதிரைகளுக்குப் போட்டுவிட்டு நின்றபடியே ஒரு டீ, இரண்டு துண்டு ரொட்டி. ரொட்டி சில நாள் நேற்றையதாக இருக்கும். மதியம் பெரும்பாலும் இல்லை. சாப்பிட்டால் தூக்கம் வருகிறது, தூங்கினால் ஏச்சு விழுகிறது. சாயங்காலம் லாயத்து ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஏதாவது வேகவைப்போம். உப்பு போட்டோமா இல்லையா என்று அதில் தினமும் சண்டை. முட்டை கிடைத்தால் முட்டை. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நன்றாக இருக்கும். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டாம், நன்றாகச் சாப்பிடுகிறான் என்று மட்டும் சொல்லுங்கள் என்று எழுத வந்தேன். வேண்டாம் அண்ணி. உள்ளபடியே வாசித்துக் காட்டுங்கள். மதியம் சாப்பிடுவதில்லை என்கிற இடத்தில் அவர் கட்டாயம் திட்டுவார். நன்றாகத் திட்டட்டும். என்ன சொல்லித் திட்டினார் என்று ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுதுங்கள். அவர் திட்டைக் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது.

தம்பி